வெயிலைத் தாங்கும் மரபணு

கத்திரி வெயிலில் கலப்பினப் பசு மூச்சிரைக்கிறது, எச்சில் வடிக்கிறது, தீவனத்தைக் குறைக்கிறது, பாலும் குறைகிறது. பக்கத்தில் கட்டியிருக்கும் நாட்டு மாடோ நிதானமாக அசைபோடுகிறது. இரண்டுக்கும் ஒரே வெயில்தான். தாங்கும் திறன் வேறுபடுவதற்கு மரபணு ஒரு முக்கியக் காரணம்.

செல்லுக்குள் நடப்பது

உடல் சூடு ஏறினால் செல்லில் உள்ள புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அப்படியே விட்டால் செல் செத்துவிடும். சாதாரண நாட்களில் சும்மா இருக்கும் எச்.எஸ்.எஃப்.1 என்ற புரதம் அப்போது விழித்துக்கொள்கிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் அமர்கிறது. உடனே எச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. குலைந்த புரதங்களை அவை மீண்டும் மடித்துச் சீராக்கும். இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிடோசா 1962-ல் பழ ஈயில் இதன் முதல் தடயத்தைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கொண்டு செல்லைக் காக்கும் இந்த ஏற்பாடு ஆடு, மாடு, மனிதர் என ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும் பொது.

வெயில் வாரக்கணக்கில் நீடித்தால் தைராய்டு சுரப்பு குறைந்து, உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் தணிகிறது. உயிரைக் காக்க உடல் செய்யும் இந்தச் சிக்கனத்தில் முதலில் அடிபடுவது பால்தான்.

இனத்துக்கு இனம் வேறுபாடு

திமில் உள்ள நம் மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. உள்ளே உண்டாகும் வெப்பமும் குறைவு. ஆடுகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ஒஸ்மனாபாதி, மலபாரி, சேலம் கருப்பு ஆடுகளை ஒப்பிட்டபோது, வெப்பத்தை மேலாகத் தாங்கியது சேலம் கருப்பு.

கரீபியன் பகுதியின் செனபோல் மாடுகளில் புரோலாக்டின் ஏற்பி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் அவற்றின் முடி குட்டையாக, வழவழப்பாக இருக்கிறது; வெயிலைத் தாங்க அது உதவுகிறது. 2014-ல் இந்தக் காரணம் வெளிவந்தது. இனச்சேர்க்கை வழியாக இதைப் பெற்ற ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கும் வெயிலில் உடல் சூடு குறைவாகவே ஏறுகிறது.

கருவிலேயே படும் சூடு

சினையின் கடைசி வாரங்களில் வெப்பத்தில் வாடிய பசுக்களின் கன்றுகளை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் கன்றுகள் வளர்ந்து கறவைக்கு வந்தபோது குறைவாகவே பால் தந்தன. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறவில்லை; மரபணுக்கள் இயங்குவதைக் கட்டுப்படுத்தும் மெத்தில் குறிகள் மாறியிருந்தன.

செய்ய வேண்டியது

பால் கூடக்கூடப் பசுவின் உடலில் உண்டாகும் வெப்பமும் கூடும். பல பத்தாண்டுகளாகப் பாலை மட்டுமே பார்த்துக் காளைகளைத் தேர்ந்தெடுத்ததன் விளைவை இன்று கோடையில் காண்கிறோம். ஆஸ்திரேலியா 2017-லேயே வெப்பம் தாங்கும் திறனுக்கு மரபணு அடிப்படையில் மதிப்பெண் தரத் தொடங்கிவிட்டது. நம் சினை ஊசித் திட்டங்களிலும் அந்த அளவுகோல் வர வேண்டும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகிய நம் நாட்டு மாட்டினங்கள் அழிந்தால் அவற்றின் மரபணுக்களை வேறெங்கும் வாங்க முடியாது. பால் வற்றிய சினைமாட்டுக்கும் கறவை மாட்டுக்குத் தரும் அதே நிழலும் தண்ணீரும் தர வேண்டும். அது அடுத்த தலைமுறையின் பாலுக்கு இன்றே போடும் முதலீடு.