செங்கல் சுட்டு ஊர் கட்டிய தமிழர்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளைச்சல். பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்பு.

ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. நடந்து களைத்து வருகிறவன் மூட்டையை இறக்கி வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஓர் இரவு தங்கிப் போகும் இடம்தான் சத்திரம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் ஏராளம். சிலர் கொழும்புக்குப் போனார்கள். சிலர் ரங்கூனுக்குப் போனார்கள். சிலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்.

போன இடத்தில் அவர்கள் மூட்டையை இறக்கி வைக்க ஒரு சத்திரம் இருந்ததா?

சிங்கப்பூரில் இருந்தது! அதற்கு வழி செய்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் நாராயண பிள்ளை. சிங்கப்பூரில் முதன்முதலாகக் குடியேறிய தமிழர்களில் அவரும் ஒருவர். இன்று அங்கே வாழும் தமிழர்களுக்கெல்லாம் அவர் ஒரு முன்னோர் போன்றவர்.

கப்பலில் வந்தார்

1819-ஆம் ஆண்டு. அப்போது சிங்கப்பூரில் இன்று இருப்பது போன்ற மாடமாளிகைகள் இல்லை. மீனவர் குடிசைகள் இருந்தன. சுற்றிலும் காடு இருந்தது.

ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த ஆண்டு ஜனவரி மாதம் அங்கே வந்து இறங்கினார். கிழக்கே சீனாவுக்கும் மேற்கே இந்தியாவுக்கும் நடுவில் கப்பல்கள் தங்கிப் போக அது நல்ல இடம் என்று கண்டார். பிப்ரவரி 6-ஆம் தேதி மலாய் மன்னருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கடை விரித்தது.

அதே ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தார். அவர் வந்த கப்பலின் பெயர் 'இந்தியானா'. பினாங்கில் வாழ்ந்து வந்த நாராயண பிள்ளையும் அதே கப்பலில் வந்து சேர்ந்தார்.

பினாங்கு அப்போதே ஆங்கிலேயர் வசம் இருந்தது. அங்கே தமிழர் பலர் இருந்தார்கள். தெரிந்த முகம், பேசத் தெரிந்த பாஷை, கைக்கு ஒரு வேலை என்று எல்லாம் அங்கே இருந்தன. அவற்றை விட்டு ஒன்றுமே இல்லாத ஒரு தீவுக்கு வர நெஞ்சில் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவரிடம் இருந்தது.

நல்ல நாணயம் எது?

சிங்கப்பூரில் அவருக்கு முதலில் கிடைத்தது அரசாங்கக் கருவூலத்தில் குமாஸ்தா வேலை. நாணயங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு.

அது சாதாரண வேலை அல்ல. அந்தக் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் பல நாட்டு நாணயங்களும் புழங்கின. ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலருக்கு மதிப்பு அதிகம். பல காசுகள் புழங்கும் இடத்தில் கள்ளக் காசும் கலந்துவிடும். எது நல்லது, எது போலி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கண்ணும் கையும் சுத்தமாக உள்ளவரிடம்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள்.

ஆனால் நாராயண பிள்ளை குமாஸ்தாவாகவே இருந்துவிடவில்லை.

சூளையில் பிறந்த ஊர்

புதிய துறைமுகத்துக்கு நாள்தோறும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். சீனர் வந்தார்கள். மலாய்க்காரர் வந்தார்கள். புகிஸ் வியாபாரிகள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும். சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும்.

வீடு கட்ட என்ன வேண்டும்? செங்கல் வேண்டும்!

இதை நாராயண பிள்ளை கண்டுகொண்டார். தஞ்சோங் பகார் என்னும் இடத்தில் ஒரு செங்கற்சூளை போட்டார். பினாங்கில் இருந்த தம் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். கொத்தனார்கள் வந்தார்கள். தச்சர்கள் வந்தார்கள். துணி வியாபாரிகளும் வந்தார்கள்.

அந்தத் தீவில் கட்டடக் காண்டிராக்டு எடுத்த முதல் இந்தியர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தாம் மட்டும் பிழைத்தால் போதும் என்று இருக்கவில்லை. ஒருவர் போய்ப் பத்துப் பேரை அழைத்தார். அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்கு வழி காட்டினார்கள். 1824-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் முதல் முறையாக ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது மொத்தம் 10,683 பேர் இருந்தார்கள். அவர்களில் 756 பேர் இந்தியர்கள்!

எல்லாம் சாம்பல்!

செங்கல் தொழிலோடு துணி வியாபாரத்திலும் நாராயண பிள்ளை இறங்கினார். கிராஸ் தெருவில் பருத்தித் துணிக் கடை திறந்தார். வெள்ளைக்கார வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து விற்றார். வியாபாரம் செழித்தது.

1822-ஆம் ஆண்டு அந்தக் கடையில் தீப்பிடித்தது. அவ்வளவும் சாம்பலாகிவிட்டது. துணி போயிற்று, கடன் மட்டும் நின்றது.

அந்த நிலைமையில் வேறொருவராக இருந்தால் இரவோடு இரவாக ஊரை விட்டே ஓடியிருக்கலாம். துறைமுகத்தில் கப்பல்களுக்கா பஞ்சம்? நாராயண பிள்ளை ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களைப் பார்த்துத் தவணை கேட்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் ராபிள்ஸ் மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தார். நாராயண பிள்ளைக்கு உதவி செய்ய அவர் முன்வந்தார். 'வியாபாரச் சதுக்கம்' என்று அப்போது பெயர் பெற்ற இடத்தில் அவருக்கு மனை கிடைத்தது. நாராயண பிள்ளை மீண்டும் கடை வைத்தார். உழைத்தார். தலை நிமிர்ந்தார்.

அந்தச் சதுக்கத்துக்கு இன்று 'ராபிள்ஸ் பிளேஸ்' என்று பெயர். வானத்தை முட்டும் பாங்குக் கட்டடங்கள் அங்கே நிற்கின்றன.

தண்ணீர் தேடிய கோவில்

காசு கையில் சேர்ந்தது. ஆனாலும் ஒரு குறை இருந்தது. அங்கிருந்த தமிழர்கள் கும்பிட ஒரு கோவில் இல்லை. ஊரில் என்றால் நோய் வந்தாலும், மழை வராவிட்டாலும் அம்மன் வாசலில் போய் நிற்பார்கள். இங்கே எங்கே போவார்கள்?

கோவில் கட்ட நாராயண பிள்ளை முயற்சி எடுத்தார். அரசாங்கம் முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் காட்டியது. 'தெலுக் ஆயர்' என்ற மலாய்ச் சொல்லில் தண்ணீர் இருக்கிறது, விரிகுடாவும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இல்லை! கடற்கரை ஓரமல்லவா? நீராட்ட நீர் இல்லாத இடத்தில் கோவில் எழுப்ப முடியாது என்று அதை விட்டுவிட்டார்கள்.

1821-இல் வேறோர் இடம் கிடைத்தது. ராபிள்ஸ் வகுத்த புதிய நகரத் திட்டம் அதற்கு இடைஞ்சலாக வந்தது. அதுவும் கைநழுவியது.

1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் முடிவாயிற்று. 1827-இல் கோவில் எழுந்தது. கல்லோ செங்கல்லோ இல்லை. மரமும் ஓலையுமாக ஒரு சிறு கொட்டகைதான். அங்கே நாராயண பிள்ளை 'சின்ன அம்மன்' என்று பெயர் கொண்ட சிறு மாரியம்மன் சிலையை வைத்தார்.

அதுதான் இன்றைய ஸ்ரீமாரியம்மன் கோவில்! சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோவில் அது. பிறகு செங்கற் கட்டடம் வந்தது. 1903-இல் மூன்று நிலைக் கோபுரமும், 1925-இல் ஆறு நிலைக் கோபுரமும் எழுந்தன. ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்தில் அங்கே தீமிதி நடக்கிறது. கோவிலை ஒட்டிய தெருவுக்கே 'கோவில் தெரு' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோவிலா, சத்திரமா?

இரண்டும்தான்!

கப்பலை விட்டு இறங்கிய தமிழனுக்கு அங்கே யாரையும் தெரியாது. பாஷை புரியாது. மடியில் காசும் இராது. அவன் நேராக அம்மன் கோவிலுக்கு வருவான். வேலை கிடைத்து, வீடு அமையும் வரையில் அங்கே தங்கிக்கொள்வான்.

கல்யாணமும் அங்கேதான். அந்தக் காலத்தில் இந்துக்களின் திருமணங்களை நடத்திப் பதிவு செய்யும் இடமாக அந்தக் கோவில் இருந்தது. இன்று சிங்கப்பூரில் நாலைந்து தலைமுறையாக வாழும் பல குடும்பங்களின் முதல் தாலி அந்த அம்மன் முன்னால்தான் ஏறியது.

பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் இடம் வேண்டும் என்றால், இறப்புக்கும் இடம் வேண்டும் அல்லவா? அதையும் நாராயண பிள்ளை மறக்கவில்லை. 1828-இல் வேறு இரு இந்துப் பெரியவர்களோடு சேர்ந்து, இந்துக்களுக்கு ஓர் இடுகாடு வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டார்.

தென்னிந்தியர்களை அந்நாளில் வெள்ளைக்காரர்கள் 'சூலியா' என்று அழைத்தார்கள். அவர்களுக்குத் தலைவராக நாராயண பிள்ளையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தமிழர்களுக்குள் தகராறு வந்தால் பேசித் தீர்த்து வைக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. நம் ஊர் நாட்டாண்மைக்காரரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஜனங்கள்

பனவடலிசத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கடையநல்லூர் இருக்கிறது. நெசவுக்குப் பெயர் போன ஊர். தறியில் வயிறு நிறையாத காலத்தில் அந்த ஊர் முஸ்லிம் மக்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார்கள்.

அவர்கள் எங்கே குடியேறினார்கள் தெரியுமா? நாராயண பிள்ளை செங்கல் சுட்ட அதே தஞ்சோங் பகார் வட்டாரத்தில்!

அந்த நாளில் ஆண்கள் மட்டும் போவதுதான் வழக்கம். கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். பெண்களும் மசாலா அரைத்துக் கொடுத்து நாலு காசு சம்பாதித்தார்கள்.

அவர்களும் பின்னால் வருகிறவர்களை மறக்கவில்லை. 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1946-இல் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பள்ளிக்கூடம் பிற்காலத்தில் மூடப்பட்டாலும், அரசாங்கத்தின் தமிழ் மொழி நிலையம் ஒன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடையநல்லூரின் பெயரிலேயே அங்கே ஒரு தெருவும் இருக்கிறது!

மதம் வேறு, காலம் வேறு. ஆனால் முறை ஒன்றுதான். முதலில் போனவர் பின்னால் வருகிறவருக்கு ஒரு கூரை போட்டு வைத்தார்.

அழியாத பெயர்

1973-ஆம் ஆண்டு ஸ்ரீமாரியம்மன் கோவிலை சிங்கப்பூர் அரசாங்கம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2019-இல், ராபிள்ஸ் வந்து இறங்கி 200 ஆண்டு நிறைந்தபோது, ஆற்றங்கரையில் நான்கு முன்னோடிகளின் சிலைகளை வைத்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் நாராயண பிள்ளை!

அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் நம் தமிழும் ஒன்று.

நாராயண பிள்ளையின் கடை இன்று இல்லை. சூளையும் இல்லை. அவர் சேர்த்த பொருளைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. பிறருக்காக அவர் செய்தது மட்டும் நிற்கிறது.

அவருக்குச் சிலை கிடைத்தது. ஆனால் அவர் பின்னால் போன ஆயிரமாயிரம் பேருக்குச் சிலை இல்லை, பெயர்கூட இல்லை. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்து, ஊருக்கு மணியார்டர் அனுப்பி, அந்தக் காசில் இங்கே கிணறு வெட்டவும் ஓட்டு வீடு கட்டவும் வழி செய்தவர்கள் அவர்கள். அவர்களின் பெயரைக் காப்பாற்ற வேண்டியது யார்? அந்தந்த வீட்டுப் பிள்ளைகள்தான்!

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டு இருக்கிறதா? மங்கிப்போன கடிதம் இருக்கிறதா? குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். தாத்தா எந்த வருஷம் போனார், எந்தக் கப்பலில் போனார், முதல் நாள் யார் வீட்டில் தங்கினார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவரின் கதையை, எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை எழுதி வைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.