மூட்டையாக வாங்கிய வெங்காயம் முழுசாகத் தங்குமா?

மே மாதக் கடைசியில் தாராவி, செம்பூர், டோம்பிவிலிப் பக்கம் நம்மவர் வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மழை பிடிக்கும் முன் பத்துக் கிலோ, இருபது கிலோ என்று வெங்காயம் வந்து இறங்கும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டையாகவே வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. கணக்கு சரிதான். கோடை அறுவடை குவியும் ஏப்ரல், மே மாதங்களில் விலை இறங்கியிருக்கும். மழை போகப் போக இருப்புக் குறைந்து விலை ஏறும். 1998-இல் ஏறிய ஏற்றம், டில்லி மாநிலத்தில் ஆட்சி மாறியதற்கே ஒரு காரணமாயிற்று. ஆனால் ஜூலையில் மூட்டையைப் பிரித்தால் பாதி அழுகல் என்றால், மிச்சம் பிடித்த காசு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டமல்ல.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. எல்லா வெங்காயமும் தங்காது. நாசிக் வட்டாரத்தில், லாசல்காவ் சந்தைக்கு வரும் சரக்கில் கோடையில் எடுப்பதை 'உன்ஹாளி காந்தா' என்கிறார்கள். வெளிர் சிவப்பு, இறுகிய தோல். முறையாக உலர்த்தினால் நாலைந்து மாதம் நிற்கும். மழைக்காலப் பயிராக அக்டோபருக்குப் பின் வரும் கருஞ்சிவப்பு 'லால் காந்தா' சில வாரங்களுக்கே தாங்கும். அதை மூட்டையாக வாங்குவது வீண்.

"அண்ணே, இது மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் தாங்கும் என்றுதான் சொல்வார். கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கழுத்து மெலிந்து, காய்ந்து மூடியிருக்க வேண்டும். கழுத்துத் தடித்தது, பூத்தண்டு விட்டது, இரட்டையாகப் பிளந்தது, அடிபட்டது எதுவும் மூட்டைக்குள் போகக் கூடாது. விஷயம் தெரிந்த விவசாயி தாளை அறுக்கும்போது கழுத்தில் ஓர் அங்குலம் விட்டே அறுப்பார். ஒட்ட அறுத்த காயில் அந்த வழியாகவே அழுகல் இறங்கும்.

வீட்டில் எப்படி வைப்பது? விவசாயிகள் வைக்கும் கொட்டகையையே மாதிரியாகக் கொள்ளலாம். அதற்குப் பெயர் 'காந்தா சாள்'. சாள் என்றால் நம்மவர் பலர் குடியிருக்கும் அதே வரிசை வீடுதான்! ஒரு வித்தியாசம்: வெங்காயத்தின் சாளில் காற்று வரும். தரையிலிருந்து உயர்த்திய தளம், இடைவெளி விட்ட மூங்கில் சுவர், மேலே கூரை. நாலைந்து அடிக்கு மேல் குவிப்பதில்லை. இத்தனை செய்தும் கால் பங்குக்கு மேல் போய்விடுவது அங்கே சகஜம். ஆகவே வீட்டில் கொஞ்சம் கெட்டால் மனம் உடைய வேண்டாம்.

வெங்காயத்துக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் ஒத்துக்கொள்ளும். ஈரப்பதம் 65, 70 சதத்தைத் தாண்டினால்தான் ஆபத்து. மும்பையில் ஜூலை மாதம் அது எண்பதுக்கு மேல். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே வியர்த்து வேர் விடும். கோணியோடு மூலையில் சாத்தினால் அடியில் உள்ளவை நசுங்கி அழுகும். வலைப்பையிலோ மூங்கில் கூடையிலோ நாலைந்து கிலோவாகப் பிரித்து, ஜன்னல் பக்கம் சாரல் படாமல் ஆணியில் தொங்கவிடுவதே மேல். ஒற்றை அறை வீட்டில் இடமில்லையென்றால் கட்டிலுக்கடியில் செய்தித்தாள் விரித்து ஒரே அடுக்காகப் பரப்பலாம். தாள் நமுத்தால் மாற்ற வேண்டும். உருளைக்கிழங்குக் கூடை எட்டவே இருக்கட்டும். அதன் ஈரம் இதைக் கெடுக்கும். உரிக்காத வெங்காயத்துக்குப் பிரிட்ஜும் ஆகாது. அங்கே ஈரமும் உண்டு, குளிரும் அரைகுறை.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்க வேண்டும். கட்டை விரலால் கழுத்தை அழுத்தினால் அமுங்குகிறதா? உள்ளே கெட்டுவிட்டது. அடியில் வேர்ப் பக்கம் வெள்ளைப் பூசணம் கண்டாலும் தனியே எடுக்க வேண்டும். ஏமாற்றுவது ஒன்றுண்டு: வெளியே பளபளப்பாக இருக்கும், நறுக்கினால் நடுவில் ஓர் இதழ் மட்டும் பழுப்பேறி வழவழவென்றிருக்கும். புளித்த நாற்றம் வரும். மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காமல் முழுதாக எறிவதே நல்லது.

தோலுக்கடியில் கரித்தூள் போலக் கறுப்பு படிந்திருந்தால் அது பூசணம். வெளி இதழோடு நின்றிருந்தால் அந்த இதழ்களை உரித்தெறிந்து, கழுவிச் சமைக்கலாம். உள்ளிதழ்களிலும் பரவியிருந்தால் கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் அந்தத் தூளை மூச்சில் இழுக்காமலிருப்பது நலம். முளை விட்டது விஷமல்ல; காய் தளர்ந்து சுவை குறையும், அவ்வளவே. முதலில் அதைச் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு, பச்சை முளையையும் நறுக்கிப் போடலாம். எடை குறைவதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஈரம் வற்றினால் எடை குறையத்தான் செய்யும்.

ஊரிலிருந்து ரயிலில் மஞ்சள் பையில் வரும் சின்ன வெங்காயத்துக்கும் இதே விதிதான். பெரம்பலூர்ப் பக்கம் பட்டறை போட்டுக் காற்றாட வைப்பார்கள். இங்கே வந்திறங்கியதும் பையை அவிழ்த்து நிழலில் இரண்டு நாள் பரப்பி, தாளோடு இருப்பவற்றைக் கொத்தாக முடிந்து கொடியில் போட்டுவிடலாம். உதிரியாக வந்ததை முதலில் செலவழிக்க வேண்டும்.