அண்ணாவியும் சபையும்: மன்னார்க் கத்தோலிக்கரிடையே வளர்ந்தோர் சமயக் கல்வி

எந்தச் சமயமும் தன் கோட்பாட்டைச் சிறுவருக்குக் கற்பிப்பது இயல்பு. ஆயின் கடலிலும் வயலிலும் உழைக்கும், பெரும்பாலும் எழுத்தறியாத வளர்ந்தோர்க்கு அது எவ்வாறு கற்பிக்கப்பட்டது, அக்கல்வி அவர்களிடையே எத்தகைய கூட்டுறவை உருவாக்கிற்று என்பதே சமூக வரலாற்றாசிரியனுக்கு முக்கியமான வினாவாகும். மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையான மாதோட்டமும் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களங்கள். மதத்தை மயக்கமருந்து என்று கூறி அமைந்துவிடுவோர், 1844இல் வெளியான அதே கட்டுரையில் மார்க்ஸ் மதத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான குரலாகவும் ஒருங்கே கண்டார் என்பதை மறந்துவிடுகின்றனர். இவ்விரட்டைத் தன்மையே நமது ஆய்வுக்கு வழிகாட்டியாதல் வேண்டும்.

மன்னாரில் கத்தோலிக்கம் தொடக்கத்திலேயே அரசியலோடு பிணைந்தது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றோரை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். கொல்லப்பட்டோர் அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்டோர் எனச் சமய வரலாற்றாசிரியர் கூறுவர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணிபுரிந்த அண்டிரிக்கு அடிகளார் 1578இல் ‘தம்பிரான் வணக்க’த்தையும் 1579இல் ‘கிரீசித்தியானி வணக்க’த்தையும் தமிழில் அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் இவை அடங்கும். தமிழ் அச்சின் தொடக்கமே வளர்ந்தோர் சமயக் கல்வியின் தேவையிலிருந்து பிறந்தது எனலாம். இக்கல்வியின் வடிவம் வினாவிடை. வினாவும் ஆசானுடையது, விடையும் ஆசானுடையது, மனனம் செய்தல் மட்டுமே மாணவனுடையது.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்படும் என அதே ஆண்டு ஆணை பிறந்தது. கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கை வந்தது 1687இல். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும் குருவில்லாத காலம். அக்காலத்தில் செபங்களையும் வேதபாடத்தையும் நினைவிற் காத்தோர் பொதுநிலையினரே. பின்னர் யோசேவ் வாஸ் அமைத்த திருச்சபை ஒழுங்கும் மூப்பர், அண்ணாவி, உபதேசியார் ஆகியோரின் தோள்களிலேயே தங்கியிருந்தது. மேலிருந்து திணிக்கப்பட்ட சமயமாகத் தொடங்கியது, ஒடுக்கப்பட்ட காலத்தில் மக்களின் கைக்கு மாறியது. இம்மாற்றத்தை மனங்கொள்ளாது மன்னார்க் கத்தோலிக்கத்தை வெறும் குடியேற்ற எச்சமெனக் கொள்ளுதல் தவறாகும்.

‘அண்ணாவி’ என்னும் சொல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவரும் அண்ணாவி. கூத்துப் பழக்குபவரும் அண்ணாவி. கல்வியும் கலையும் ஒருவர் கையிலேயே இருந்தமையை இச்சொல் காட்டுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த ‘என்றிக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ ஆகிய மன்னார் நாடகங்கள் இம்மரபின் சான்றுகள். எழுத்தறியாத உழைப்பாளி ஏட்டைப் பார்த்துச் சொல்பவரிடம் பாட்டைக் கேட்டு மனனஞ்செய்தான். இரவிரவாக ஒத்திகையில் ஊரோடு கூடினான். வேதக் கதையைத் தன் குரலிலும் உடலிலும் தாங்கினான். தவக்காலத்தில் படிக்கப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுல பிரசங்க’மும், திருவுருவங்களைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டும் பேசாலையின் உடக்குப் பாஸும் இவ்வாறே சபை முழுவதையும் கல்விக்கூடமாக்கின.

இவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் நிலமானியத் தன்மையானது. அரசர், அரசவை, கீழ்ப்படிதல், மறுமைப் பரிசு என்பனவே அவற்றின் உலகம். பெண் வேடத்தையும் ஆணே ஏற்றான். சம்மாட்டியின் பங்குக்கும் வலை இழுப்பவனின் பங்குக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அவை கேள்விக்குள்ளாக்கவில்லை. ஆயினும் கற்கும் முறை கூட்டானது. உள்ளடக்கம் பணிவைப் போதித்தபோது, வடிவம் ஒன்றுகூடலைப் பயிற்றியது. இம்முரண்பாடே பிற்கால மாற்றத்தின் வித்து.

1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்ததோடு, வேதாகமத்தைப் பொதுநிலையினர் வாசித்தலையும் ஊக்குவித்தது. 1968இல் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறியோரின் சிறு சமூகங்களை வலியுறுத்தினர். பவுலோ பிறேயிறே, ஆசானே வினாவும் விடையுமாகும் கல்வியை மறுத்து, கற்போரே தம் வாழ்நிலையை வினாவும் முறையை முன்வைத்தார். தமிழ்த் திருச்சபையில் அயலவர் கூடி மறைநூல் வாசித்து உரையாடும் அன்பியங்கள் இச்சூழலின் விளைவுகளே. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று.

அடுத்து வந்த போர் இக்கல்வியைச் சோதித்தது. 1985 சனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 சனவரியில் ஆயர் இராயப்பு யோசேப்பு கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. போரின் பின் வெளிவந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேர் எங்கே? நிர்வாகத் தரப்பின் எண்களிலிருந்தே எழுந்த கேள்வி அது. விடையை மனனஞ்செய்யப் பழக்கப்பட்ட மரபு, விடை தரப்படாத வினாவொன்றை அதிகாரத்திடம் கேட்ட தருணம் அது.

எனினும் கூட்டுறவின் எல்லை எது? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. அயலவர் அகற்றப்பட்ட அவ்விழப்பு, சபையின் ஒற்றுமை தன்னளவில் போதாது என்பதை உணர்த்தியது. 2019 மார்ச்சில் திருக்கேதீச்சர வீதி வளைவு தொடர்பாக மாந்தையில் கத்தோலிக்கருக்கும் சைவருக்கும் இடையே எழுந்த மோதலோ, ஒரே உழைப்பாளி வர்க்கத்தாரைச் சமய அடையாளம் எத்துணை எளிதில் பிரித்துவிடும் என்பதைக் காட்டிற்று. சபைக்குள் வளர்த்த ஒற்றுமை சபைக்கு வெளியே வேலியாகவும் மாறலாம்.

ஆகவே முற்போக்காளர் இக்கல்வியை இகழ்ந்து ஒதுக்குதலும், போற்றி மயங்குதலும் ஒருங்கே தவறாகும். அண்ணாவியின் ஒத்திகைக் களத்தில் கூடிப் பயின்ற மக்கள், கூடி வினவவும் கற்றனர். அவ்வினா அடுத்த வீட்டாரின் துன்பத்தையும் தன்னுள் அடக்கும்போதே அக்கல்வி நிறைவெய்தும்.