உத்தியோகமும் பொறியியற் பட்டமும்

வீதிப் பகுதியிலோ நீர்ப்பாசனப் பகுதியிலோ பதினைந்து வருடம் மேற்பார்வையாளராகக் கடமையாற்றிய ஒருவர், மதகும் பாலமும் எழுப்பும் வேலையைக் கைப்பழக்கமாகவே அறிந்திருப்பார். எனினும் அவற்றின் வரைபடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் உரிமை அவருக்கு இல்லை. அதற்கு முதலிற் பொறியியற் பட்டம் வேண்டும். இதனால் மனம் புழுங்குவோர் பலர். அவர்களுட் சிலரே, குடும்பப் பாரம் ஏற்ற பின்னரும் மீண்டும் மாணாக்கராகத் துணிகின்றனர்.

இலங்கையில் அதற்கான வழி நெடுங்காலம் குறுகியதாகவே இருந்தது. 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் அமையுமுன், கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் பெற்றோர் உளர். புதிய பீடம் 1964 இற் பேராதனைக்குச் சென்றது. அங்கே பகல் முழுவதும் விரிவுரை. ஆகவே உத்தியோகத்தை விட்டாலன்றிப் படிக்க இயலாது. மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்காரருக்கு அது நடவாத காரியம்.

1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இந்த முடிச்சை அவிழ்த்தது. அதன் தலைமையிடம் நாவலையில் உள்ளது; கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. மாணவர் பாடநூல்களை வீட்டில் வைத்துப் படித்து, ஒப்படைகளை எழுதிக் கொடுத்து, குறித்த நாட்களிற் செய்முறைக்கும் பரீட்சைக்கும் செல்வர். ஊதியம் நிற்காது.

ஆனாற் கணிதம் எவரையும் இலகுவில் விடுவதில்லை. உயர்தர வகுப்பில் வகையீடும் தொகையீடும் கற்றவர்கூடப் பத்து வருடத்தில் அவற்றை மறந்திருப்பார். அனுபவம் இருக்கையிற் கணிதம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. அதற்கு விடை ஒரு கொங்கிறீற்று வேலையிலேயே கிடைக்கிறது.

இரு சுவர்களின் மேற் கிடக்கும் உத்தரத்துக்குக் கீழ்ப்பக்கத்திலும், சுவரினின்று வெளியே நீட்டி நிற்கும் மாடத்துக்கு மேற்பக்கத்திலும் பிரதான கம்பிகளை வைக்கவேண்டும் என்பது நல்ல மேசன் அறிந்த விடயமே. கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவைக்கு வெடிக்கும். ஆதலால் இழுபடும் பக்கத்திற் கம்பி வேண்டும். இவ்வளவும் அனுபவம் கற்பிக்கும். எவ்வளவு கம்பி என்பதை அது கற்பிப்பதில்லை. ஒரே நீளமும் அடிக்கு ஒரே பாரமும் உடையனவாயின், நீட்டி நிற்கும் மாடத்தின் அடியில் உண்டாகும் வளைக்கும் திருப்பம், இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் உண்டாவதைப் போல் நான்கு மடங்கு. இனி, நீளத்தை இரட்டித்தாலோ, இரண்டிலும் அத்திருப்பம் முன்னிருந்ததன் நான்கு மடங்காகும். நீளம் இரண்டு மடங்கானால் கம்பியையும் இரண்டு மடங்காக்குவோம் என்று மனக்கணக்குப் போடுபவர், தாம் அறியாமலே பிறர் தலைக்கு மேல் ஆபத்தைக் கட்டுகிறார். கையொப்பத்துக்குப் பட்டம் கேட்கப்படுவது இக்காரணத்தினாலேயே. அது வெறும் உத்தியோகப் பெருமை அன்று.

ஆகவே, பதிவு செய்வதற்கு ஆறு மாதம் முன்னரே பழைய கணிதப் புத்தகத்தை எடுத்து, நாளுக்கு ஒரு மணி நேரமாவது கணக்குகளைச் செய்து பார்ப்பது புத்தி. வாசித்தால் மாத்திரம் போதாது, கை எழுதவேண்டும். முதல் வருடத்திலேயே எல்லாப் பாடங்களையும் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இடையில் விடுவதிலேயே முடிகிறது. இரண்டு மூன்று வருடம் கூடுதலாகச் சென்றாலும் பாதகமில்லை.

செய்முறைக் கூடத்தில் நிலைமை தலைகீழாகும். பாடசாலையிலிருந்து நேரே வந்தவர் கருவியைத் தொடத் தயங்கும்போது, இவர் அதைக் கழற்றிப் பூட்டிவிடுவார். எனினும் அக்கூடத்துக்கு வேலைநாட்களிற் செல்ல நேரிடலாம்; தூர இடத்தவருக்குப் பிரயாணமே இரு நாளை விழுங்கும். வருட லீவு எத்தனை நாள், அதனைச் சேர்த்து எடுக்க மேலதிகாரி இணங்குவாரா என்பவற்றைக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிவது நன்று. வீட்டாரிடமும் அப்போதே பேசிவிடவேண்டும். அந்த லீவு நாட்கள் அவர்களுடையவையும் அல்லவா?