திரும்பி வரவும் ஒரு திட்டம்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஹாலில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்டில் வாலிபர் ஐக்கியம் ருவாபெஹு மலைக்குப் பனிச்சறுக்குப் போக இருக்கிறது என்று அறிவித்து, பெற்றோரைக் கூட்டியிருந்தோம். வண்டி, தங்குமிடம், செலவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தோம். கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்கள்.

"தம்பி, அது எரிமலைன்னு சொல்றாங்களே. எரிமலை மேலயா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமா ஆன்டி, ஆனா ஒண்ணும் ஆகாது" என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார்.

சொன்னதும் எங்களுக்கே உறுத்தியது. எங்களில் சிலர் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்னால் எந்த நோயாளியிடமும் "ஒண்ணும் ஆகாது" என்று யாரும் சொல்வதில்லை. என்ன ஆகக்கூடும், ஆனால் என்ன செய்வோம் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த அம்மாவின் மகனுக்குப் பதினான்கு வயது. ஆஸ்துமா இருக்கிறது. போன குளிர்காலத்தில் இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தவன். அந்தத் தாயின் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேட்டோம். அந்தப் பதிலைத்தான் அவர்கள் அனுமதியோடு இங்கே எல்லாருக்கும் எழுதுகிறோம்.

நாம் போகும் மலை

ஆக்லாந்திலிருந்து தெற்கே ஏறக்குறைய நான்கரை மணி நேரப் பயணம். வடக்குத் தீவின் மிக உயரமான மலை ருவாபெஹு, 2,797 மீட்டர். இது அணைந்துபோன எரிமலை அல்ல, உயிருள்ள எரிமலை. உச்சியில், பனியின் நடுவே, ஒரு வெந்நீர் ஏரி இருக்கிறது. வடமேற்குச் சரிவில் ஃபாகபாபா, தென்மேற்குச் சரிவில் தூரோவா என்று இரண்டு பனிச்சறுக்குத் தளங்கள். நாம் போவது ஃபாகபாபாவுக்கு. முதல் தடவை சறுக்குகிறவர்களுக்கென்றே அங்கே தனி இடம் உண்டு.

இந்த மலை மாவோரி மக்களுக்கு வெறும் மலை அல்ல, மூதாதை. 1887இல் ஙாட்டி தூஃபாரெட்டோவா மக்களின் தலைவர் நான்காம் டே ஹெயுஹெயு தூகினோ இந்தச் சிகரங்களை நாட்டுக்குக் கொடையாகக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் டோங்காரிரோ தேசியப் பூங்கா. வேறொருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வோமோ, அப்படியே அங்கும் நடந்துகொள்ள வேண்டும். கொண்டுபோகும் சிப்ஸ் பாக்கெட்டின் உறைகூடத் திரும்பி நம் பையிலேயே வர வேண்டும்.

ஒரே ஆறு, இரண்டு நாட்கள்

எரிமலை என்றதும் நமக்கு நெருப்புக் குழம்புதான் நினைவுக்கு வரும். இந்த மலையில் அதிக உயிர்களை எடுத்தது நெருப்பு அல்ல, தண்ணீர்.

1945இல் ருவாபெஹு வெடித்தபோது உச்சி ஏரி வற்றிப்போய், அதன் விளிம்பில் சாம்பலும் கல்லும் அணைபோலக் குவிந்தன. பிறகு ஏரி மெல்ல மெல்ல நிரம்பியது. 1953 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, அந்த அணை உடைந்தது. சேறும் பாறையும் பனிக்கட்டியும் கலந்த வெள்ளம் ஃபாங்காயெஹு ஆற்றில் பாய்ந்து, டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தைச் சிதைத்தது. இப்படிப்பட்ட சேற்று வெள்ளத்துக்கு லாஹார் என்று பெயர். அன்று வெலிங்டனிலிருந்து ஆக்லாந்துக்கு 285 பேரோடு ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. அவர்களில் பலர் பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர்கள். பாலத்தின் நிலையைக் கண்ட சிரில் எல்லிஸ் என்ற தபால் ஊழியர், கையில் டார்ச்சை ஆட்டிக்கொண்டு தண்டவாளத்தின் வழியே ரயிலை நோக்கி ஓடினார். ஓட்டுநர் பிரேக் போட்டார். ஆனால் தூரம் போதவில்லை. 151 பேர் இறந்தார்கள். டாங்கிவாய் என்றால் மாவோரி மொழியில் அழும் நீர்.

1995, 1996 ஆண்டுகளில் மலை மறுபடியும் வெடித்தது. மறுபடியும் ஏரி விளிம்பில் அதேபோல ஓர் அணை குவிந்தது. அது ஒருநாள் உடையும் என்று இந்தத் தடவை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆற்றோரம் எச்சரிக்கைக் கருவிகள் வைத்தார்கள். எந்தச் சாலையை யார் மூடுவது, ரயிலை யார் நிறுத்துவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டார்கள். 2007 மார்ச் 18 அன்று அணை உடைந்தது. அதே ஆறு, அதே டாங்கிவாய் வழி. எச்சரிக்கை ஒலித்தது, சாலைகள் மூடப்பட்டன, ரயில் நிறுத்தப்பட்டது. ஒருவரும் சாகவில்லை.

இடையில் 53 வருடம். மலை மாறவில்லை, மனிதர்கள் தயாராக இருந்தார்கள். நாங்கள் இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதும் அந்த 2007ஐப் பார்த்துத்தான்.

சைரன் ஒலித்தால்

நியூசிலாந்தில் எரிமலைகளுக்கு 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலைகள் உண்டு. 0 என்றால் அமைதி. 1, 2 என்றால் மலைக்குள் ஏதோ அசைவு இருக்கிறது. 3 முதல் 5 வரை வெடிப்பு நடக்கிறது என்று பொருள். ஜியோநெட் தளத்தில் யாரும் பார்க்கலாம். ருவாபெஹு பெரும்பாலும் 1இல் இருக்கும். 2022இல் சில மாதங்கள் 2இல் இருந்தது.

ஆனால் இந்த எண் நாளை நடப்பதைச் சொல்லும் ஜோசியம் அல்ல. 2007 செப்டம்பர் 25 இரவு முன்னறிவிப்பு இல்லாமலே மலை வெடித்தது. லிஃப்ட்கள் ஓடாத நேரம் என்பதால் சரிவில் கூட்டம் இல்லை. உச்சிக்கு அருகே குடிசையில் தங்கியிருந்த ஒரு மலையேறி மட்டும் ஒரு காலை இழந்தார். அதனால் நம் பிள்ளைகள் யாரும் உச்சிப் பக்கம் போவதில்லை. 1க்கு மேல் போனால் பயணம் இல்லை என்பது எங்கள் முடிவு. தளத்தைத் திறந்து வைத்திருந்தாலும் நாங்கள் போகமாட்டோம்.

ஃபாகபாபாவில் லாஹார் எச்சரிக்கைக்குச் சைரன் இருக்கிறது. அது ஒலித்தால் செய்ய வேண்டியது ஒன்றே: பள்ளத்தாக்கை விட்டு, பக்கத்திலிருக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். சரிவின் வழியே கீழே சறுக்கி ஓடக் கூடாது, ஏனென்றால் சேற்று வெள்ளமும் அதே பள்ளத்தில்தான் வரும். வெள்ளம் வந்து சேரச் சில நிமிடங்களே ஆகும். தம்பியைத் தேடுகிறேன், போனை எடுக்கிறேன் என்று நிற்கக் கூடாது. மேட்டில் ஏறி, தளத்தின் ஊழியர்கள் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மலையில் கால் வைத்ததும் முதல் வேலையாக, எது பள்ளம், எது மேடு என்று ஒவ்வொரு குழுத்தலைவரும் பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்வார்.

செவிலியர் பக்கமிருந்து

எரிமலையை விட அதிகம் காயப்படுத்துவது சாதாரண விழுகைதான். ஸ்னோபோர்டில் விழுகிறவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். ஸ்கீயில் முழங்கால் திருகிக்கொள்ளும். ஸ்கீ வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் எடையைக் கேட்பார்கள். தங்கைகளே, தம்பிகளே, வெட்கப்பட்டுக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். விழும்போது காலணி ஸ்கீயிலிருந்து கழன்று வர வேண்டும். அந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயம். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் கட்டாயம்.

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், வெளியே நீர் புகாத உடை. வாங்க வேண்டியதில்லை. சபையில் பழைய உடைகள் வைத்திருப்பவர்கள் கொடுத்திருக்கிறார்கள், ஹாலில் ஒரு பெட்டி இருக்கிறது. செலவு காரணமாக எந்தப் பிள்ளையும் பின்வாங்க வேண்டாம். எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

நண்பன் தடுமாறி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ, கேலி செய்யாமல் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். குளிரில் உடம்பு நடுங்குவது இயல்பு. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு வராமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது ஆபத்து.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று வீட்டில் சொல்வார்கள். பனி, வெயிலின் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி போடாதவர்களுக்கு அன்று மாலைதான் தெரியும், கண்ணில் மணல் விழுந்தது போல எரியும். சன்ஸ்கிரீனும் பனிக் கண்ணாடியும் அவசியம்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வரலாம். உலர்ந்த குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், சில நாட்களில் மேலே கந்தக வாடையும் வரும். ஆகவே குடும்ப மருத்துவரைப் பார்த்து எழுத்தில் ஒரு திட்டம் வாங்கி வாருங்கள். இன்ஹேலரை வெளிப்பையில் வைக்காதீர்கள், குளிர்ந்துபோனால் மருந்து சரியாக வராது. மேலங்கியின் உள்பையில், நெஞ்சோடு இருக்கட்டும். இன்னொன்று எங்களிடம் இருக்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி உடன் வந்தால் ஒரு வார்த்தை: விபத்தில் அடிபட்டால் அவர்களுக்கும் ஏசிசி சிகிச்சை உதவி உண்டு. ஆனால் நெஞ்சுவலி, காய்ச்சல் போன்ற நோய்க்கு அது பொருந்தாது. பயணக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் சொல்லாமல் விட்டது

இதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. போன வருடம் நாம் போனபோது, பலத்த காற்றினால் மலைச்சாலை மூடியிருந்தது என்றும், திரும்பி வந்துவிட்டோம் என்றும் சபையில் சொன்னோம். அது பாதி உண்மை. பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்த்து மனசு கேட்காமல், மலையைச் சுற்றி மறுபக்கமாவது போகலாம் என்று கிளம்பினோம். ஓட்டியவர் முந்தின இரவு சரியாகத் தூங்காதவர். உறைந்த ஒரு வளைவில் வண்டி வழுக்கி, பாதையை விட்டு இறங்கி, வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டில் பயப்படுவார்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

அன்று எங்களிடம் போவதற்குத் திட்டம் இருந்தது, போக முடியாவிட்டால் என்ன என்பதற்குத் திட்டம் இல்லை. இந்த வருடம் இருக்கிறது. வெள்ளி மாலை ஒருமுறை, சனி காலை ஒருமுறை, சாலை, காற்று, எரிமலை நிலை மூன்றையும் பார்ப்போம். ஓட்டுநர்களிலோ செவிலியர்களிலோ ஒருவர் "வேண்டாம்" என்றால் போதும், விவாதம் இல்லை. மலை மூடியிருந்தால் நேரே டாவ்போ. ஹூகா அருவியும் வெந்நீர்க் குளமும் பார்த்துவிட்டு வருவோம். டயர் செயின் இல்லாத வண்டி மலையேறாது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஜெபித்துவிட்டுக் கிளம்புவோம். ஜெபித்துவிட்டோம் என்பதற்காக மூடிய சாலையில் போகமாட்டோம்.

இதையெல்லாம் போன ஞாயிறு அந்த அம்மாவிடம் சொன்னோம். வேலிக் கதையைக் கேட்டதும் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கைப்பையிலிருந்து மகனின் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்தது, மருத்துவரின் திட்டமும் பின்னால் இணைத்திருந்தது.

"மலை மூடியிருந்தா?" என்று கேட்டார்கள்.

"திரும்பிடுவோம் ஆன்டி."

"அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்" என்றார்கள்.

படிவங்கள் ஹாலில், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். கேள்வி இருந்தால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.