கணினிக் காவல்

கிடுகு வேலி அடைத்தல் ஒருமுறை செய்து ஓயும் வேலையன்று என்பதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். மழையும் கறையானும் தின்ற வேலி காலந்தோறும் புதுக்கப்படல் வேண்டும். கணினிக்கு இடும் காவலும் அத்தகையதே. ஆயினும், புதிதாகக் கணினி வாங்குவோர் பலர் "நச்சுநிரற் காவலுக்கு எந்த மென்பொருள் சிறந்தது?" என்று கடைக்காரரை ஒருமுறை வினாவி, அவர் சொல்லும் பெயரோடு அமைந்துவிடுகின்றனர். நோய் எவ்வழியாகப் புகும், கணினியுள் உள்ளவற்றுள் இழந்தால் மீளாதது யாது என்னும் இரண்டையும் ஆராயாது மருந்தின் பெயரை மட்டும் அறிதல் பயன் தராது.

நச்சுநிரல் என்பது தன்னைத் தானே படியெடுத்துப் பிறவற்றுட் புகுத்தும் நிரல். 'வைரசு' என வழங்குவதும் இதுவே. 1986ஆம் ஆண்டு பாக்கிஸ்தானின் லாகூர் நகரிலே அம்ஜத், பாசித் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய 'பிரெயின்' என்னும் நிரலே ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளை முதன்முதற் பற்றியதாகக் கருதப்படுகின்றது. தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் படியெடுப்பாரை நோக்கியே அதனை ஆக்கியதாக அவர்கள் கூறினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளே பொறித்திருந்தனர் என்பது வியப்புக்குரியது. பின்வந்தோர் எவரும் அத்துணை நேர்மை காட்டினாரல்லர்.

களவுப் படியிலே தொடங்கிய அவ்வரலாறு களவுப் படியை இன்றும் விட்டு நீங்கவில்லை. விலைகொடாது பெற்ற மென்பொருளை இயக்குதற்கென உடன்வரும் 'கிராக்' என்னும் சிறு நிரல், காவல் மென்பொருளை நிறுத்திவிட்டுத் தன்னை இயக்குமாறு உரிமையாளரையே வேண்டும். அவரும் அவ்வாறே செய்வர். படலையைத் தாமே திறந்துவைத்தபின் காவலாளியின் திறமையைப் பற்றி வினாவுவதால் யாது பயன்?

மற்றொரு வாயில் 'பென் டிரைவ்' என்னும் சிறு நினைவகம். பாடக் குறிப்பை அச்சிடும் பொருட்டு மாணவர் அதனை நிழற்பிரதிக் கடைக்குக் கொண்டு செல்வர். அங்குள்ள கணினியில் நாள்தோறும் பலருடைய நினைவகங்கள் செருகப்படும். வீடு திரும்பிப் பார்க்குமிடத்து, கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரிலே குறுவழிக் குறிகள் நிற்றலைக் காணலாம். அக்குறியை அழுத்துதலே நச்சுநிரலை வீட்டுக் கணினிக்கு அழைத்தலாகும். கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைக்கப்பட்டே இருக்கும். இதனை அறியாது நினைவகம் முழுவதையும் துடைத்துவிட்டு வருந்துவோர் உளர்.

இனிக் காவல் மென்பொருள் தொழிற்படும் முறையை நோக்குவாம். முன்பே அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களைத் திரட்டி வைத்து, ஒவ்வொரு கோப்பையும் அவற்றோடு ஒப்பிடுதல் ஒரு முறை. நிரலின் நடத்தையைக் கவனித்து ஐயுறுதல் மற்றொரு முறை. முன்னது புதியதை அறியாது. பின்னது நல்லதையும் சிலவேளை கள்வனென்று பிடிக்கும். விசையழுத்தங்களைக் கவனித்துத் தமிழெழுத்தாக மாற்றும் சிறு தட்டச்சு நிரல்களும் இவ்வாறு ஐயுறப்படக்கூடும். எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் ஒன்று இருத்தல் இயலாதென்பதை அமெரிக்கரான பிரெட் கோகன் 1984ஆம் ஆண்டிலேயே தருக்க முறையால் நிறுவினார். ஆகவே, நூற்றுக்கு நூறு காப்பு அளிப்பதாகக் கூறும் விளம்பரம் எதுவாயினும் நம்பத் தக்கதன்று.

விண்டோஸ் இயங்குதளத்தில் 2012ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு முதலாகக் காவல் மென்பொருள் உடன் அமைந்தே வருகின்றது. 'டிபென்டர்' எனப்படும் அஃது முற்காலத்தில் இகழப்பட்டதாயினும், செருமனியின் ஏவி-டெஸ்ட், ஒசுத்திரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய சோதனை நிலையங்களின் ஆய்வுகளில் விலைகொடுத்து வாங்குவனவற்றோடு ஒத்து நிற்கும் நிலையை அடைந்துள்ளது. ஒரு மாணவருக்கோ ஆசிரியருக்கோ இதுவே போதியது. வேறொன்றை விரும்புவார் அந்நிலையங்களின் அறிக்கையில் மூன்றினை நோக்கல் வேண்டும்: காக்கும் திறன், கணினியை மந்தமாக்கும் அளவு, பொய்யெச்சரிக்கை. பழைய கணினிகள் மிகுந்த வீடுகளில் இரண்டாவது சிறிய செய்தியன்று. இரு காவல் மென்பொருள்களை ஒருங்கே இயக்குதல் தகாது. ஒன்று மற்றொன்றைக் கள்வனென்று கருதி இடர்ப்படும்.

காவலன் வீட்டின் எல்லா அறைகளுக்கும் திறப்பு உடையவன். ஆதலின் அவன் எத்தகையவன் என்பதும் ஆராயத்தக்கது. இலவசமாகப் பெயர்பெற்ற 'அவாஸ்ட்', தன் பயனாளர் பார்த்த இணையப் பக்கங்களின் விவரங்களைத் துணை நிறுவனமொன்றின் வழியாக விற்றதென அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2024ஆம் ஆண்டு 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. வாங்கும் விலை இல்லையெனில், விற்கப்படுவது யாது என்று வினாவுதல் முறையே.

இது நிற்க. காவல் மென்பொருளினும் இயங்குதளத்தின் திருத்தங்களே பெரிதும் இன்றியமையாதன. 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்ட 'வொன்னக்ரை' புகுந்த துளையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. அதனை ஏற்காதிருந்த கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன. கைத்தொலைபேசியின் இணையப் பொதியை நம்பியிருப்போர் செலவுக்கு அஞ்சித் திருத்தங்களை நிறுத்தி வைத்தல் இயல்பே. எனினும் அச்சிக்கனம் ஆபத்தானது. விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான முறையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றமையும் கருதற்பாலது.

இலங்கை அரசே இதற்கு ஒரு சான்று. 2023 ஆகத்து மாதம் 'லங்கா அரச முகில்' என்னும் பொதுச் சேமிப்பகம் பணயநிரலால் தாக்கப்பட்டது. மின்னஞ்சலைத் தாங்கிய மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பழம் பதிப்பு. ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஆகத்து 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

வேறு பிரதி இல்லாமை எத்தகையதென்பதை யாழ்ப்பாணத்துக்கு எவரும் உரைக்க வேண்டுவதின்று. 1981ஆம் ஆண்டு பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியாக்கி இணையத்திற் பேணி வருகின்றது. வீட்டுக் கணினியிலும் இத்தகையன உள. காணி உறுதியின் படமும், இடம்பெயர்வுகளில் எஞ்சிய ஒரே குடும்பப் படமும், அப்பப்பாவின் கையெழுத்துக் குறிப்பும் பணயநிரலால் ஒருமுறை பூட்டப்பட்டால், எக்காவல் மென்பொருளும் அவற்றை மீட்டுத்தருமென்று உறுதி கூறவியலாது.

எனவே ஆண்டுச் சந்தாவுக்கென ஒதுக்கிய பணத்தைப் புறவன்தட்டு ஒன்று வாங்கும் செலவிற் சேர்த்தல் நன்று. வாரத்துக்கு ஒருமுறை அதனை இணைத்துப் படியெடுத்தபின் கணினியிலிருந்து கழற்றிவிடல் வேண்டும். இணைந்தே கிடக்கும் தட்டையும் பணயநிரல் பூட்டும். இரண்டாம் பிரதி வேறொரு வீட்டிலோ, கடல் கடந்து வாழும் உறவினரிடத்தோ இருத்தல் தக்கது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.