எலிக்குக் கிட்டியது மனிதனுக்கும் கிட்டுமா?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், உடலெங்கும் எண்ணெய் தேய்த்து அருவியில் நீராடுவது நம் பகுதியில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. தேய்க்கும் எண்ணெயைத் தேர்ந்து வாங்கும் நாம், உண்ணும் எண்ணெயைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை.

சென்ற சாரல் காலத்தில், அறுபதைக் கடந்த தென்காசி அன்பர் ஒருவர், “சாமி, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் வராதாமே?” என்று வினவினார். அவர் கேள்விப்பட்டது முற்றும் பொய்யன்று.

சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு அமைந்துள்ள சிறு சுரப்பியே புராஸ்டேட். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புற்றைத் தடுக்கும் மரபணு ஒன்றை இச்சுரப்பியில் நீக்கிய சுண்டெலிகளுக்கு வெவ்வேறு கொழுப்புணவு அளித்தனர். ஒமேகா-3 கொழுப்பு அமிலம் மிகுதியாக உண்டவற்றில் நூற்றுக்கு 60 பிழைத்தன. ஒமேகா-6 மிகுதியாக உண்டவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை. முன்னது சாளை மீனிலும் ஆளிவிதையிலும் உள்ளது. பின்னது நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் மிகுதி.

அப்படியானால் நல்லெண்ணெயைக் கைவிடலாமா? வேண்டியதில்லை. இரண்டுமே உடலுக்கு இன்றியமையாதவை. மேலும், அம்மரபணு பழுதுறாத சுண்டெலிகளுக்கு எந்த உணவிலும் புற்று தோன்றவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மனிதரிடம் செய்த சோதனை வேறு கதை கூறுகிறது. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடைபெற்ற ஆய்வில், ஒரு பகுதியினர் நாள்தோறும் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை உண்டனர். ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தும் அவர்களிடையே புற்றுநோய் குறையவில்லை என 2018-இல் முடிவு வெளியாயிற்று. சுண்டெலி வழிகாட்டலாம், உறுதி தர இயலாது.

இவற்றை எடுத்துரைத்தபோதுதான், பல மாதங்களாகச் சிறுநீர் பிரியாமல் அவதியுறுவதை அன்பர் தயங்கித் தயங்கி வெளியிட்டார். வெட்கத்தால் மனைவியிடமும் சொல்லவில்லையாம்! மருத்துவரிடம் அனுப்பினோம். நல்ல வேளை, அது வயதினால் வரும் சுரப்பி வீக்கமே, புற்றன்று.

எல்லாருக்கும் அவ்வாறே அமையும் என்று சொல்வதற்கில்லை. இப்புற்று தொடக்கத்தில் அறிகுறி காட்டாமலும் இருக்கும். ஆதலின் ஐம்பதைக் கடந்த ஆண்கள், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என மருத்துவரைக் கேட்டறிதல் நலம். தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருப்பின் முன்னதாகவே கேட்க வேண்டும்.

சாளைக் குழம்பை மகிழ்வுடன் உண்ணுங்கள், அது நல்லுணவு. ஆனால் நோயை மறைத்து வைத்துவிட்டு மாத்திரையை நம்பியிராதீர்கள். குடும்பத் தலைவரின் மௌனத்திற்குக் குடும்பம் முழுவதும் விலை கொடுக்க நேரிடும்.